மாதம் எழுநூறு

ஓய்வுக்காலத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. பொன்னேரியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அலுவலகம். பெயர்ப்பலகையில் 'தனசேகர், நிதி ஆலோசகர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். இருந்தாலும் கீழே மாத்திரை வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் நான் சீட்டு பிடிக்கிறவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பதினாறு வருடத்தில் நான் தெரிந்துகொண்டது, வருமானத்தைப் பற்றி யாரும் என்னிடம் பெரிதாகப் பொய் சொல்வதில்லை, செலவைப் பற்றித்தான் சொல்வார்கள். ஒருவர் மகனுக்கு அனுப்புவதை மறைப்பார். இன்னொருவர் சாயங்காலச் செலவை மறைப்பார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பொய் இன்னும் கொஞ்சம் கூடும்.

லைட்ஹவுஸ் குப்பத்து வரதன் ஒன்றையும் மறைக்கவில்லை. அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

வரதனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். வலது தோள்பட்டையில் தசைநார் கிழிந்து, இனி வலை இழுத்தால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகு, எஞ்சின், வலை எல்லாவற்றையும் அதே குப்பத்துச் சிவகுமாருக்கு விற்றுவிட்டார். அதையும் சேமிப்பையும் சேர்த்துப் பதினொரு லட்சம் கையில் இருந்தது. ஒரே மகள் பூவிழி. கல்யாணமாகி மீஞ்சூரில் இருக்கிறாள். அவள்தான் எனக்குப் போன் செய்தாள்.

"நைனாவுக்கு ஒரு வழி பண்ணிக் குடுங்க சார். காசு வீட்ல கீதுன்னு தெரிஞ்சா கேக்கறவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துடுவாரு" என்றாள்.

நான் திருப்பாலைவனத்துக்காரன். எங்கள் வீட்டில் நெல். குப்பத்துக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் கடல் என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மீன், அவ்வளவுதான். அந்த மனிதர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. எனக்குத்தான் கணக்கு தெரியுமே.

அவர் வீட்டுக்குப் போனபோது பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டு தடவை துடைத்துப் போட்டார். அவர் மனைவி சரோஜா வாசற்படியில் உட்கார்ந்து காய்ந்த நெத்திலியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வரதன் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் செலவையெல்லாம் எழுதி வைத்திருந்தார். அரிசி, கேஸ், போன், பிரஷர் மாத்திரை, பேத்தியின் பிறந்தநாள், வெற்றிலை பாக்கு என்று ஒன்று விடாமல் இருந்தது. மாதம் ஒரு குவார்ட்டர் என்பதைக்கூட எழுதி, விலையும் போட்டிருந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று.

"அக்காவுக்குக் கருவாட்டுல வருமானம் வருமே, அதையும் சேத்துக்கலாமா அண்ணே?" என்று கேட்டேன்.

"அது அவ காசு சார். அத்த நான் கேக்கறதில்ல."

நான் சரோஜாவின் பக்கம் திரும்பிக் கேட்டிருக்கலாம். மூன்றடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்காமல், மனைவியின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

பெரும்பகுதிப் பணம் தபால் நிலையத்து மாத வருமானத் திட்டத்துக்கு, அவசரத்துக்குக் கொஞ்சம் வங்கியில், மிச்சம் நீண்டகாலத்துக்கு மியூச்சுவல் ஃபண்டில். எண்பத்தைந்து வயது வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தேன். மாதம் எழுநூறு ரூபாய் இடித்தது. எப்படி மாற்றிப் போட்டாலும் அந்த எழுநூறு வந்து நின்றது. சின்னத் தொகைதான். ஆனால் திட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. காலண்டர் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது: 'ஊர் வரி, வருசத்துக்கு 8,400.' பன்னிரண்டால் வகுத்தேன். எழுநூறு. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"இது என்ன வரி அண்ணே?"

"ஊர்ல தொழிலுக்குப் போற ஒவ்வொரு ஆம்பளையும் கட்டறது சார். கோயிலு, ஊர்க் காரியம், கோர்ட்டு செலவு எல்லாம் அதுலதான்."

"இப்பத்தான் தொழிலுக்குப் போகலையே. இன்னும் கட்டணுமா?"

"தொழிலுக்குப் போவாதவங்களுக்கு வரி இல்லன்னு ஒரு பேச்சு கீது. எழுதிக் குடுத்தா பேர எடுத்துடுவாங்க."

"அப்ப எழுதிக் குடுத்துட வேண்டியதுதானே."

அவர் மனைவியைப் பார்த்தார். சரோஜா நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த ஒண்ண வுட்டுடு சார். வேற எதனா பாரு" என்றார்.

விட்டிருக்க வேண்டும். எனக்கோ, திட்டம் போடுவது நானா இந்தம்மாவா என்று சுருக்கென்று கோபம் வந்தது. லேப்டாப்பை வரதன் பக்கம் திருப்பி வைத்து, மாதம் எழுநூறை இருபது வருடம் ஏழு சதவீதத்தில் போட்டால் மூன்றரை லட்சத்துக்கு மேல் வரும் என்று காட்டினேன். உங்கள் காலத்துக்குப் பிறகு அக்காவுக்கு ஆகும் என்றேன். அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை அசைத்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

கடிதத்தை நானே எழுதினேன். 'வயது மூப்பு மற்றும் உடல்நலக் குறைவு காரணமாக எனது பெயரை ஊர் வரிப் பட்டியலிலிருந்து நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்து மறுநாள் கொடுத்தனுப்பினேன். வரதன் வலது கையை மேஜைமேல் ஊன்றி வைத்துக்கொண்டு மெதுவாகக் கையெழுத்துப் போட்டதாகப் பூவிழி பிறகு சொன்னாள்.

பத்து மாதம் கழித்து, திட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கக் குப்பத்துக்குப் போனேன். காகிதத்தில் எல்லாம் அருமையாக இருந்தது. மாதாமாதம் வட்டி வந்திருந்தது. செலவு நான் போட்டதைவிடக் குறைவாகவே இருந்தது. அந்தக் குறைவைப் பார்த்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். வெற்றிலை பாக்கு நின்றிருந்தது. குவார்ட்டரும் நின்றிருந்தது.

வீட்டில் வரதன் இல்லை. சரோஜா மட்டும் இருந்தார். இந்தத் தடவை நாற்காலி துடைக்கப்படவில்லை.

"அண்ணன் எங்க அக்கா?"

"பழவேற்காடு பஸ் ஸ்டாண்டுல. காலைல போனா பொழுது சாய வருவாரு. கரைப்பக்கம் போறதில்ல. நம்ம வாசல்ல நின்னா கடலு, ஆனா அவரு பின்னால ரோட்டு வழியா சுத்திகினு போறாரு."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

சரோஜா முறத்தைக் கீழே வைத்தார். "உன்கிட்ட சொல்றதா வாணாமான்னு நெனச்சிகினு இருந்தேன் சார். கேக்கற, சொல்றேன்."

அவர் சொன்னது இது. குப்பத்தில் மாதம் ஒருநாள் யாரும் தொழிலுக்குப் போகாமல் அம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் கூடும். பேச்சு தொடங்குவதற்கு முன்னால் ஊர்த் தலைவர் எல்லப்பன் வரிப் பட்டியலைப் பார்த்துப் பெயர்களை வாசிப்பார். பெயர் வந்ததும் அவரவர், இருக்கிறேன் என்பதற்கு, 'கீறேன்' என்று சொல்ல வேண்டும். வரதனுடையது முப்பத்தோராவது பெயர். அவருடைய அப்பா பெயர் இறங்கி இவர் பெயர் ஏறியதிலிருந்து அதே இடம்தான். கடிதம் கொடுத்த அடுத்த கூட்டத்துக்கும் பழக்கத்தில் போய், வழக்கமான தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். முப்பதாவது பெயரை வாசித்த எல்லப்பன் அடுத்து முப்பத்திரண்டாவது பெயரை வாசித்திருக்கிறார். வரதன் வாயைத் திறந்து, மூடியிருக்கிறார். அன்றைக்குப் பேச்சு முகத்துவாரத்தில் மண் மூடியதைப் பற்றி. எந்த இடத்தில் வெட்டினால் தண்ணீர் நிற்காமல் ஓடும் என்று நன்றாகத் தெரிந்தவர்களில் வரதனும் ஒருவர். அவர் பேசவில்லை. பட்டியலில் இல்லாதவர் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். யாரும் கேட்கவும் இல்லையாம். வேட்டியைத் தட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"அதுகூடப் போவட்டும் சார். மறுவாரம் ஊரு சேர்ந்து வலை போட்டாங்க. அந்த மீன வரிக்காரங்களுக்கெல்லாம் கூறு போட்டுக் குடுப்பாங்க. எங்க வீட்டுக்கும் வந்துது. நல்ல மீனு, பெரிய பெரிய மடவை. எப்பவும் வர்றதவிட ஜாஸ்தி." சரோஜா முறத்தை ஓரமாகத் தள்ளினார். "முடியாதவங்க கூறுலர்ந்து வந்துது. புருசன் செத்தவங்களுக்கும் படுத்த படுக்கையா கீறவங்களுக்கும் தனியா ஒரு கூறு எடுத்து வைப்பாங்க. அதுலர்ந்து. குழம்பு வெச்சேன். மனுசன் தட்டத் தொடல."

நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். மூடிய லேப்டாப்பின் மேல் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மரியாதைக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது, அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று உள்ளுக்குள் ஒரு வக்கீல் வாதாடிக்கொண்டிருந்தான். அவனுடைய வாதம் எனக்கே நாறியது. இந்தம்மா அன்றைக்கே விடச் சொன்னார். நான்தான் விடவில்லை. அந்த வெட்கம் இப்போதும் எனக்குப் போகவில்லை.

நேராக எல்லப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் மணலில் உட்கார்ந்து எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும், "ஓ, அந்தப் பேப்பர் எழுதின சாரா" என்றார். "பேப்பர் நல்லா எழுதியிருந்தீங்க. எங்க ஊர்ல இதுவரைக்கும் யாரும் அந்த மாதிரி எழுதிக் குடுத்ததில்ல."

"யாருமே இல்லையா? வயசானவங்க என்ன செய்வாங்க தலைவரே?"

"முடியாம போய்ட்டா மவன் பேரு ஏறும், அப்பன் பேரு எறங்கும். ஒரே பேருதான், ஆளு மாறுது, அவ்ளோதான். மவன் இல்லாதவங்க கடைசி வரைக்கும் கட்டிகினு இருப்பாங்க. கண்ணு தெரியாதவருகூட இருந்தாரு ஒருத்தரு, கூட்டத்துக்குக் கையப் புடிச்சிக் கூட்டிகினு வருவோம். தொழிலுக்குப் போவலயேன்னு யாரும் கேக்க மாட்டாங்க சார். அவரா எழுதிக் குடுத்தா இன்னா பண்றது? நாங்க போய் வாணாம்னா, அவருக்குக் காசு இல்லன்னு நாங்க பேசினதா ஆயிடும்."

கட்டாமல் இருக்கலாம் என்று விதி இருந்தது. அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தியதில்லை. விதியைக் கேட்டவன் நான், வழக்கத்தைக் கேட்கவில்லை.

"மறுபடி பேரை எழுதிக்க முடியுமா?"

எல்லப்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எடுத்த பேர எழுதணும்னா தொழிலுக்குப் போற ஆளா இருக்கணும். எவனாவது ஒரு போட்டுக்காரன் கூட்டத்துல எழுந்து, இவரு என் போட்டு ஆளுன்னு சொல்லணும். விட்டுப்போன வருசத்து வரி கட்டணும். ரெண்டாயிரம் அபராதம்."

"அந்தப் பணத்தை நான் கட்டிடறேன். தப்பு என்னோடது."

"அது செல்லாது சார். வரி வரிக்காரன் கையாலதான் வரணும்."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் வரதன் நிழற்குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். ஆள் மெலிந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, செய்தது தப்பு என்று நேராகச் சொன்னேன். என் தொழிலில் நான் அதிகம் சொல்லாத சொல் அது.

"நீங்க நல்லதுக்குத்தான சார் சொன்னீங்க. எனுக்கும் கணக்கு சரியாத்தான் பட்டுது."

"மறுபடி பேரை எழுதலாம்னு தலைவர் சொல்றாரு. ஆனா கடலுக்குப் போகணுமாம். உங்க தோளுக்கு ஆகாது. டாக்டர் சொன்னதை நானே திட்டத்துல எழுதியிருக்கேன். போய், கை ஒரேயடியாப் போயிட்டா?"

வரதன் தன் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார். "வலை இழுக்கத்தான் ரெண்டு கை வேணும். எஞ்சின் புடிக்க எடது கை போதும்" என்றார். அதை அவர் பத்து மாதமாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"சிவகுமாரைக் கேட்டீங்களா?"

"எப்டி சார் கேக்கறது? வித்த போட்டுல போய் ஆளா ஏத்திக்கன்னு." குரல் தணிந்திருந்தது. "இல்லன்னு சொல்ல மாட்டான். அதான் பேஜாரு. முடியாதவருன்னு ஏத்திகினா?"

இரண்டு பேரும் மீஞ்சூர் பஸ் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கேட்டது சரோஜாதான். மறுநாள் காலை படகு கரைக்கு வந்ததும் நேராகச் சிவகுமாரிடம் போய், அவருக்காக நான் கேட்க வரவில்லை, உன் எஞ்சின் சத்தம் தினம் வீட்டுக்குள் கேட்கிறது, அதைக் கேட்டு அவர் முகத்தைச் சுளிக்கிறார், அந்த எஞ்சினை உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். சிவகுமார் சிரித்துவிட்டு, "உண்மதான் சித்தி. மாசம் ஒரு தபா ரிப்பேருக்குப் போவுது. சித்தப்பாவ வரச் சொல்லு, அரைப் பங்கு தர்றேன்" என்றானாம். வரதன் வாரத்தில் மூன்று நாள் போகத் தொடங்கினார். முதல் நாள் திரும்பி வந்து தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்தார் என்றும், வலிக்கவில்லை என்று பொய் சொன்னார் என்றும் பூவிழி போனில் சொன்னாள். வரதன் சொன்ன முதல் பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

திட்டத்தை மறுபடி போட வேண்டியிருந்தது. வரி, அபராதம் எல்லாம் சேர்த்துப் பழைய ஓட்டை மறுபடி திறந்துகொண்டது. குப்பத்துக்குப் போய் இந்தத் தடவை வாசற்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாசம் எவ்ளோ இடிக்குது சார்?" என்று சரோஜா கேட்டார்.

"எழுநூறு அக்கா."

"எழுநூறா." நெத்திலியைக் கொழித்துக்கொண்டே, "மீஞ்சூர்ல ரெண்டு ஓட்டலுக்குக் கருவாடு போட்டுகினு கீறேன். மாசம் ஆறாயிரம் நிக்கும். பொண்ணு கல்யாணத்துக்கே பாதி அதுலதான் போச்சு. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் பேசிகினீங்க, நானும் இங்கதான் குந்தியிருந்தேன்" என்றார்.

வரதன் தலையைக் குனிந்துகொண்டார். நான் 'இல்லத்தரசி' என்பதை அழித்து 'கருவாடு வியாபாரம்' என்று அடித்தேன். ஓட்டை அடைபட்டது. அது எப்போதுமே இருந்ததில்லை. சிவகுமார் தரும் அரைப் பங்கையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நானும் போனேன். வெளியாள் என்பதால் மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன். சிவகுமார் எழுந்து, "இவரு என் போட்டு ஆளு" என்றான். வரதன் போய் எல்லப்பன் முன்னால் பணத்தை வைத்தார். எல்லப்பன் எண்ணிப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு பட்டியலில் எழுதினார். புதிதாக எழுதுகிற பெயர் கடைசியில்தான் போகும் என்பதும் வழக்கம்தான். முப்பத்தோராவது இடம் திரும்ப வராது. போன மாதம் கல்யாணமாகிப் பெயர் ஏறிய இருபத்து மூன்று வயதுப் பையனுக்கும் அடுத்துத்தான் வரதன். அவர் தூண் ஓரத்தை விட்டுவிட்டுப் பின்னால் வாசலை ஒட்டிச் சின்னப் பசங்களோடு உட்கார்ந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாசல் பக்கமாகக் குனிந்து, "நாப்பது வருஷம் இருந்த இடத்தை எடுத்துட்டாங்களே அண்ணே, நான் தலைவர்கிட்ட பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க சார்" என்றார் வரதன். "கடைசில இருந்தா இன்னா."

எல்லப்பன் வாசிக்கத் தொடங்கினார். அன்றைக்கு நான் எந்தக் கணக்கும் போடாமல் ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டு நின்றேன். நாற்பத்தேழு வயதில் எனக்கென்று ஓர் ஓய்வுக்காலத் திட்டம் இருக்கிறது. ஓட்டையே இல்லாத திட்டம். திருப்பாலைவனத்தில் கோயில் வரி கட்டுவதைப் பொன்னேரிக்கு வீடு மாறிய வருடமே நிறுத்திவிட்டேன், வீண் செலவு என்று. நான் வராவிட்டால் என் பெயரில் வந்து தயங்கி நிற்கிற வாய் எந்த ஊரில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். முப்பது வாசித்தார். முப்பத்தோராவதாக வேறு யாரோ 'கீறேன்' என்றார். வரதன் முதுகு அசையவில்லை. அறுபது, நூறு என்று போய்க்கொண்டே இருந்தது. வெயில் என் தலைக்கு வந்துவிட்டது. கல்யாணமான பையன் பெயரும் வந்து போயிற்று.

"வரதன்" என்றார் எல்லப்பன்.

நூற்று நாற்பத்தாறு பெயருக்குக் காத்திருந்தவர், அந்தப் பெயர் முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

"கீறேன்."